முல்லைக்கொடி புதராகிப் பூ நின்றுவிட்டதா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் முறை

வீட்டு வாசலில் பந்தல் போட்டு ஏற்றிய முல்லை முதல் மூன்று நான்கு வருடம் அள்ளிக் கொடுக்கும். அப்புறம் கொடி மட்டும் மேலே மேலே ஏறிக்கொண்டே போகும், பூ குறைந்துகொண்டே வரும். ஏழெட்டு வருடத்தில் பந்தல் முழுக்கப் பச்சைக் கூரை, கீழே மொட்டைக் கட்டை, கைக்கு எட்டாத உச்சியில் நாலு பூ. "கொடிக்கு வயசாயிடுச்சு, பிடுங்கிப் போட்டுட்டு வேற வைங்க" என்று யாராவது சொல்வார்கள்.

தயவுசெய்து பிடுங்காதீர்கள். என் அனுபவத்தில் பத்துக் கொடியில் எட்டு ஒன்பது வயதால் நின்றவை அல்ல. வெட்டாமல் விட்டதால் நின்றவை. முல்லை பூப்பது புதுத் துளிரில். பழைய கிளை எவ்வளவு நீளமாக இருந்தாலும் அதில் புதுக்கிளை கிளம்பினால்தான் மொட்டு. இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டு கீழே உள்ள அறிகுறிகளைப் பாருங்கள். உங்கள் கொடி எதில் பொருந்துகிறதோ அங்கிருந்து தொடங்கலாம்.

முதலில், உங்களுடையது முல்லைதானா?

இதைக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. வெட்டும் மாதம் செடிக்குச் செடி மாறும். இலைக்காம்போரம் காது மாதிரி இரண்டு குட்டி இலைகள் ஒட்டிக்கொண்டிருந்தால் அது முல்லை. ஒரே காம்பில் ஏழெட்டுச் சிற்றிலைகள் வரிசையாக இருந்து, மொட்டின் வெளிப்புறம் இளஞ்சிவப்பு ஓடியிருந்தால் அது பிச்சி, அதாவது ஜாதிமல்லி. ஒற்றை அகல இலையும் உருண்ட மொட்டும் இருந்தால் குண்டுமல்லி. அது கொடி என்பதைவிடப் புதர்.

குண்டுமல்லிக்குக் கவாத்து, அதாவது கிளை வெட்டுவது, நவம்பர் கடைசி வாரம், தரையிலிருந்து 50 செ.மீ. உயரத்தில். முல்லைக்கும் பிச்சிக்கும் ஜனவரி கடைசி வாரம், 45 செ.மீ. உயரத்தில். நவம்பரில் பக்கத்து வீட்டில் மல்லியை வெட்டுவதைப் பார்த்து முல்லையையும் வெட்டிவிடுகிறவர்கள் உண்டு. செத்துப்போகாது. ஆனால் மழையிலும் மார்கழிப் பனியிலும் இளந்துளிர் வதங்கி, வரவேண்டிய வேகத்தில் வராது.

அறிகுறி: மேலே அடர்ந்த புதர், அடியில் மொட்டை, பூ உச்சியில் மட்டும்

இதுதான் பெரும்பாலானவர்களின் பிரச்சினை, அதனால் இதற்குக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன்.

உள்ளே கையை விட்டுப் பார்த்தால் தெரியும். மேற்பரப்பில் ஒரு சாண் அளவுக்குத்தான் இலை இருக்கும். அதற்குக் கீழே காய்ந்த குச்சிகளும் உதிர்ந்த சருகும் அடைந்து கிடக்கும். வெளிச்சம் உள்ளே போகாததால் கீழ்க் கணுக்கள் எல்லாம் தூங்கிப்போய்விட்டன. கொடி தன் சக்தி முழுவதையும் நுனிக்கே அனுப்பிக்கொண்டிருக்கிறது.

கையை விடுவதற்கு முன்னால் ஒரு நீளக் குச்சியால் சருகைக் கிளறித் தட்டிவிடுங்கள். மல்லிகை, முல்லை வாசத்துக்குப் பாம்பு வரும் என்று நம் வீடுகளில் சொல்வார்கள். பாம்பு பூவாசம் தேடி வருவதில்லை. ஆனால் அடியில் சருகு மண்டிக் குளிர்ச்சியாக இருந்தால் தவளையும் எலியும் சேரும், அவற்றைத் தேடிப் பாம்பு வரும். ஆகவே பயம் சரியானது, காரணம்தான் வேறு. கவாத்து செய்தால் அந்தப் பயமும் போகும்.

ஜனவரி இரண்டாம் வாரத்துக்குப் பிறகு, பொங்கல் கழிந்ததும் தண்ணீரை நிறுத்திவிடுங்கள். பத்து நாள் போதும். கொடி கொஞ்சம் வாடி இலை உதிர்க்கத் தொடங்கும். உள்ளே எது உயிர்க்கிளை, எது காய்ந்தது என்று அப்போதுதான் தெளிவாகத் தெரியும்.

வெட்டும் நாளில் கவாத்துக் கத்தரிக்கோல் ஒன்றும், கட்டைவிரலைவிடப் பருத்த தண்டுக்குக் கைரம்பம் ஒன்றும் வேண்டும். சமையலறைக் கத்தி வேண்டாம், தண்டைப் பிய்த்துவிடும். கத்தரியைச் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் துடைத்துக்கொள்ளுங்கள். நோய்ப்பட்ட கிளையை வெட்டிய பிறகு மறுபடி துடைக்க வேண்டும்.

முதலில் காய்ந்தவை அத்தனையையும் எடுங்கள். பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும். பிறகு ஒன்றை ஒன்று உரசும் கிளைகள், பென்சிலைவிட மெலிந்து நோஞ்சானாக இருப்பவை, தரையில் படர்ந்தவை. மீதி நிற்பதில் நல்ல திடமான தண்டு நாலிலிருந்து ஆறு வரை வைத்துக்கொண்டு, அவற்றைத் தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில், ஒரு கணுவுக்கு விரற்கடை மேலே, சாய்வாக வெட்டுங்கள். மிச்சமிருக்கும் இலைகளையும் உருவிவிடலாம். பெரிய வெட்டுக்காயங்களில் காப்பர் ஆக்சிகுளோரைடு என்ற தாமிரப் பூஞ்சணக்கொல்லியைத் தண்ணீரில் குழைத்துப் பசையாகத் தடவுங்கள்.

இந்த இடத்தில்தான் கை நடுங்கும். பந்தலே காலியாகி, வாசல் வெறிச்சென்று ஆகிவிடும். என் அம்மா வீட்டுக் கொடியை முதல்முறை இப்படி வெட்டியபோது அம்மா இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. சித்திரையில் பூ கட்ட உட்கார்ந்தபோதுதான் முகம் மலர்ந்தது. முல்லை இந்த வெட்டைத் தாங்கும், வருடா வருடம் தாங்கும். பூ விவசாயிகள் ஒவ்வொரு ஆண்டும் இதைத்தான் செய்கிறார்கள்.

ஒரே ஒரு விதிவிலக்கு. அடித்தண்டு மணிக்கட்டு அளவு பருத்து, பட்டை வெடித்து, பல வருடம் கத்தியே படாத கொடியாக இருந்தால் ஒரே தடவையில் ஒன்றரை அடிக்குக் கொண்டுவராதீர்கள். இந்த வருடம் பாதித் தண்டுகளை அடியில் வெட்டுங்கள். மீதியைப் பந்தல் உயரத்தில் நிறுத்தி, பக்கக் கிளைகளை மட்டும் ஒரு சாண் விட்டு நறுக்குங்கள். அடியிலிருந்து புதுத்தண்டு வந்துவிட்டால் அடுத்த ஜனவரியில் மறுபாதி.

இன்னும் பயமாக இருந்தால் ஒரு காப்பு இருக்கிறது, பதியன். ஆடி ஆவணியில் தாழ்வான கிளை ஒன்றை வளைத்து, கணுவின் அடியில் லேசாகக் கீறி, மண்ணுக்குள் அமுக்கி, மேலே ஒரு கல்லை வையுங்கள். மூன்று நான்கு மாதத்தில் வேர்விட்டுவிடும். ஜனவரியில் தாய்க்கொடியை வெட்டும்போது கையில் பிள்ளைச்செடி ஒன்று தயாராக இருக்கும்.

அறிகுறி: வெட்டி மூன்று வாரமாகியும் துளிர்க்கவில்லை

நகத்தால் பட்டையைச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சையாக ஈரமாக இருந்தால் உயிர் இருக்கிறது, காத்திருங்கள். பழுப்பாக இருந்தால் அந்த இடத்துக்குக் கீழே இன்னும் கொஞ்சம் வெட்டி மறுபடி பாருங்கள்.

துளிர் தாமதமாகும்போது பதற்றத்தில் தினமும் தண்ணீர் விடுவதும் யூரியா அள்ளிப் போடுவதும்தான் பெரிய தவறு. இலையே இல்லாத கொடி தண்ணீரை உறிஞ்சாது. மண் சொதசொதவென்று இருந்தால் வேர் அழுகும். வெட்டிய அன்று ஒருமுறை நன்றாக நனையவிட்டு, பிறகு மேல்மண் ஒரு அங்குலம் காய்ந்த பிறகே தண்ணீர்.

அறிகுறி: இலை தளதளவென்று இருக்கிறது, பூ மட்டும் இல்லை

இரண்டில் ஒன்று. வெயில் போதவில்லை, அல்லது தழைச்சத்து (நைட்ரஜன்) மிகுந்துவிட்டது.

முல்லைக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். கொடி வைத்தபோது இருந்த வெயில் இன்றைக்கும் இருக்கிறதா என்று பாருங்கள். பக்கத்தில் மாடி எழும்பியிருக்கும், வேப்பமரம் படர்ந்திருக்கும். அப்படியானால் எந்த உரமும் உதவாது. பந்தலை வெயில் பக்கம் நீட்டிக் கொடியைத் திருப்பிக் கட்டுவதுதான் வழி.

வெயில் இருந்தும் பூக்கவில்லை என்றால் என்ன உரம் போடுகிறீர்கள் என்று யோசியுங்கள். வீடுகளில் பெரும்பாலும் கடலைப்புண்ணாக்குக் கரைசல், சாணி, யூரியா. மூன்றும் அதிகம் தருவது தழைச்சத்தை. முல்லையின் தேவை வேறு. தழைச்சத்து ஒரு பங்கு என்றால் மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) சாம்பல்சத்தும் (பொட்டாசியம்) இரண்டிரண்டு பங்கு வேண்டும்.

தரையில் நிற்கும் வளர்ந்த கொடி ஒன்றுக்கு நான் செய்வது இது. கவாத்து செய்த அன்று தண்டிலிருந்து ஒரு அடி தள்ளி வட்டமாக ஆழமில்லாத வாய்க்கால் எடுத்து, மக்கிய தொழுவுரம் 10 கிலோவைப் போட்டு மண்ணால் மூடித் தண்ணீர் விடுவேன். துளிர் விரல் நீளம் வந்ததும் யூரியா 65 கிராம், சூப்பர் பாஸ்பேட் 375 கிராம், பொட்டாஷ் 100 கிராம் மூன்றையும் அதே வட்டத்தில் தூவிக் கொத்திவிட்டு நீர். ஜூன் கடைசியிலோ ஜூலையிலோ இதே அளவு இன்னொருமுறை. வருடத்துக்கு இரண்டே தடவை. ஏற்கெனவே தழைத்துப் பூக்காமல் நிற்கும் கொடிக்கு யூரியாவையும் புண்ணாக்கையும் அந்தப் பருவம் முழுக்க விட்டுவிட்டு மற்ற இரண்டை மட்டும் போடுங்கள். அதோடு நுனிகளைக் கிள்ளிவிடுங்கள். ஒரு நுனி கிள்ளினால் பக்கத்தில் இரண்டு கிளை, ஒவ்வொன்றின் முனையிலும் மொட்டுக்கொத்து.

ரசாயன உரம் வேண்டாம் என்பவர்கள் தொழுவுரத்தோடு எலும்புத்தூள் கால் கிலோ சேர்க்கலாம். சாம்பல்சத்துக்கு விறகடுப்புச் சாம்பல் இரண்டு கைப்பிடி. உங்கள் மண் ஏற்கெனவே உவர்ப்பு என்றால் சாம்பல் வேண்டாம், காரத்தன்மையை இன்னும் கூட்டும்.

மாடியில் தொட்டியிலோ பையிலோ வைத்திருப்பவர்கள் மேலே சொன்ன கிராம் கணக்கைத் தொடவே கூடாது, வேர் கருகிவிடும். மண்புழு உரம் பதினைந்து நாளுக்கு இரண்டு கைப்பிடி போதும். ஜனவரிக் கவாத்தின்போது செடியை வெளியே எடுத்து, சுருண்டுகிடக்கும் வெளிவேரை இரண்டு அங்குலம் நறுக்கி, புதுமண்கலவையில் திரும்ப வைத்தால் மறுவருடம் வரை கவலையில்லை. தொட்டிச்செடி பூக்காததற்குப் பெரும்பாலும் இந்த வேர்ச்சுருளே காரணம்.

அறிகுறி: புது இலை மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை

இரும்புச்சத்துக் குறை. சுவரோரம் நிற்கும் கொடிகளில் இது அதிகம். வீடு கட்டும்போது கொட்டிய சிமெண்டும் சுண்ணாம்பும் அந்த மண்ணில் கலந்திருக்கும். அதில் இரும்பு இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. போர்வெல் உப்புத்தண்ணீரும் இதைத்தான் செய்யும்.

அன்னபேதி உப்பு (இரும்பு சல்பேட்) 5 கிராமை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து, அரை எலுமிச்சம்பழச் சாறு சேர்த்து, மாலையில் இலை இருபுறமும் நனையத் தெளியுங்கள். மாதம் ஒருமுறை, மஞ்சள் மாறும்வரை. வெள்ளையடித்த சுவரிலும் டைல்ஸிலும் பட்டால் துருக்கறை போகாது, பழைய சாக்கைத் தொங்கவிட்டு மறைத்துக்கொண்டு தெளியுங்கள். மழைக்காலத்தில் மொட்டைமாடித் தண்ணீரைக் கொடியடிக்குத் திருப்பிவிட்டால் உப்பு கரைந்து கீழே இறங்கும். அது இலவச மருந்து.

மஞ்சள் ஆவது பழைய அடி இலைகள் என்றால் விஷயம் வேறு. தழைச்சத்துக் குறையாக இருக்கலாம், அடியில் தண்ணீர் தேங்குவதாகவும் இருக்கலாம். உரம் போடுவதற்கு முன்னால் மண்ணைத் தோண்டி ஈரம் பாருங்கள்.

இலை ஓரம் கருகினால் வாஷிங் மெஷின் தண்ணீர் அங்கே போகிறதா என்று பாருங்கள். சோப்பு உப்பு சேரச் சேர ஓரம் தீய்ந்துவிடும். அரிசி கழுவிய தண்ணீர் தாராளமாக ஊற்றலாம்.

அறிகுறி: இலையிலும் தண்டிலும் வெல்வெட் போல வெள்ளை முடி

முல்லையில் அதிகம் வரும் தொல்லை இது. துளிர், இலை, மொட்டுக்காம்பு எல்லாவற்றிலும் வெள்ளையாகக் கம்பளிபோலப் படர்ந்து, துளிர் சுருண்டு குள்ளமாகி, மொட்டே வராது. பலர் பூஞ்சணம் என்றோ மாவுப்பூச்சி என்றோ நினைத்துத் தவறான மருந்தை அடிக்கிறார்கள். இது கண்ணுக்கே தெரியாத சிலந்திப்பேன் ஒன்று கடித்ததற்குச் செடி காட்டும் எதிர்வினை. மாவுப்பூச்சி என்றால் விரலால் தேய்த்ததும் பிசுபிசுவென்று நசுங்கும். இது நசுங்காது, இலையோடு ஒட்டியிருக்கும்.

பட்ட கிளைகளை அரை அடி கீழே சேர்த்து வெட்டி, அங்கேயே போடாமல் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். பிறகு நனையும் கந்தகம் (வெட்டபிள் சல்ஃபர் தூள்) ஒரு லிட்டருக்கு 2 கிராம் கலந்து தெளியுங்கள். பதினைந்து நாளில் இன்னொருமுறை. உச்சிவெயிலில் கந்தகம் அடித்தால் இலை கருகும், காலை வேளையே நல்லது. கந்தகம் அடித்த இரண்டு வாரத்துக்குள் வேப்பெண்ணெய் தெளிக்காதீர்கள், இரண்டும் சேர்ந்தாலும் கருகும். ஜனவரிக் கவாத்தை ஒழுங்காகச் செய்கிற கொடியில் இது வேரூன்றுவது கடினம், தங்கியிருக்கும் இடமே போய்விடுகிறதே.

அறிகுறி: மொட்டில் ஓட்டை, நிறம் ஊதா, பூக்கும் முன்னே உதிர்கிறது

மொட்டுப்புழு. பச்சைநிறச் சிறு புழு மொட்டுக்குள் புகுந்து தின்றுவிட்டு அடுத்த மொட்டுக்குப் போகும், கொத்தையே நூலால் பின்னிவைக்கும். ஊதாவான மொட்டைத் தினமும் கிள்ளி எடுத்து அழிப்பதே பாதி வைத்தியம். மீதிக்கு வேப்பங்கொட்டைச் சாறு. வேப்பங்கொட்டைப் பருப்பு 50 கிராமை இடித்து ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைத்து, துணியில் வடிகட்டி, கொஞ்சம் காதி சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் தெளிக்கலாம். வாரம் ஒருமுறை, மூன்று வாரம். தலையில் சூடும் பூ, சாமிக்கு வைக்கும் பூ. வீட்டுக்கொடிக்குக் கடுமையான பூச்சிமருந்து வேண்டவே வேண்டாம் என்பது என் உறுதியான எண்ணம்.

அறிகுறி: நன்றாக இருந்த கொடி இரண்டே நாளில் வாடுகிறது

அடித்தண்டில் மண்ணை விலக்குங்கள். வெள்ளைநூல் போலப் படர்ந்து, இடையில் கடுகுபோன்ற பழுப்பு உருண்டைகள் தெரிந்தால் வேரழுகல். காப்பர் ஆக்சிகுளோரைடு லிட்டருக்கு 2.5 கிராம் கலந்து வேர்ப்பகுதி முழுக்க நனைய ஊற்றுங்கள். தண்ணீரைக் குறையுங்கள், தண்டைச் சுற்றி மண்ணோ சருகோ ஏறியிருந்தால் விலக்கிக் காற்று படச் செய்யுங்கள். ஒரு மாதம் கழித்து டிரைக்கோடெர்மா விரிடியை வேப்பம்புண்ணாக்கும் தொழுவுரமும் கலந்து இடலாம். தாமிர மருந்தோடு சேர்த்து இடாதீர்கள், அந்த நல்ல பூஞ்சணமும் செத்துவிடும்.

அறிகுறி: துளிர்த்தது, பூக்கிறது, ஆனால் எல்லாம் கைக்கெட்டாத உயரத்தில்

கட்டாததால் வருவது. முல்லை தானாக ஒழுங்காகப் படராது, கிடைத்ததைப் பற்றிக்கொண்டு ஓடும். கொழுகொம்பில்லாமல் தவித்த முல்லைக்குப் பறம்புமலைப் பாரி தேரையே நிறுத்திக் கொடுத்தான் என்ற கதை நமக்குத் தெரியும். கவாத்துக்குப் பிறகு வரும் துளிர்களில் திடமானவற்றைத் தேர்ந்து, ஒவ்வொன்றையும் விசிறிபோலப் பக்கவாட்டில் சாய்த்துக் கட்டுங்கள். நேராக ஏறும் கிளை நுனியில் மட்டும் பூக்கும், சாய்ந்த கிளை கணுவுக்குக் கணு துளிர்த்துப் பூக்கும். வாழைநாரோ சணலோ கொண்டு எட்டுப்போலச் சுற்றித் தளர்வாகக் கட்டுங்கள். கம்பி வேண்டாம், ஒரே வருடத்தில் தண்டை அறுத்துவிடும். பந்தலை ஆறடிக்கு மேல் போடாதீர்கள், சாயங்காலம் நின்றபடியே மொட்டுப் பறிக்கலாம்.

அறிகுறி: பூவுக்குப் பதில் பச்சையாகக் குட்டி இலைக்கொத்து

இதற்கு மட்டும் வைத்தியம் இல்லை. மொட்டு வரவேண்டிய இடத்தில் பச்சை இலைபோல விரிந்தால் அது செடி முழுவதும் ஓடும் நோய். அதிலிருந்து பதியனோ குச்சியோ எடுக்காதீர்கள், பிள்ளைச்செடிக்கும் போகும். வேரோடு தோண்டி எடுத்துவிட்டு, கத்தரியைத் துடைத்துவிட்டு, புதுச்செடியை வேறு இடத்தில் வையுங்கள். ஒரு அடி நீள அகல ஆழக் குழி, அதில் 10 கிலோ தொழுவுரம், ஆடி மழைக்குப் பிறகு நடவு. நாற்று வாங்கப் போகும்போது பாரிமுல்லை இருக்கிறதா என்று கேளுங்கள். வெள்ளைமுடிச் சிலந்திப்பேனை எதிர்த்து நிற்கும் ரகம் அது. நட்ட அன்றே பக்கத்தில் ஒரு கொம்பு ஊன்றிவிடுங்கள், இரண்டாம் வாரத்திலேயே பற்றிக்கொள்ளத் தேடும்.